மழைக்கு அதன் வழியை விடுவோம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

இன்று நம் முன் ஒரு தீர்மானம் இருக்கின்றது. பள்ளிவாசலுக்கு வடக்கேயுள்ள தாழ்வான வக்ஃபு நிலத்தை மண்ணிட்டு உயர்த்தி, வாகனங்கள் நிறுத்துவதற்குச் சிமெண்ட் தளம் அமைக்கலாம் என்பதே அது. நிக்காஹ் நாட்களில் வாகனங்கள் மதுரை–திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பதால் உண்டாகும் இடர்ப்பாட்டை நாம் அறிவோம். தேவை உண்மையானது. ஆயினும் அந்நிலத்தின் ஊடே ஓர் ஓடை செல்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அவ்வோடைதான், ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலத் தெருக்களின் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டு சேர்க்கின்றது. அதனை மூடலாமா என்பதை மார்க்கத்தின் ஒளியில் சிந்திப்போமாக.

மதீனாவில் ஒருமுறை பஞ்சம் வாட்டியது. வெள்ளிக்கிழமை குத்பாவின்போது ஒரு கிராமவாசி எழுந்து மழைக்காகத் துஆச் செய்யுமாறு வேண்டினார். நபி (ஸல்) அவர்கள் கையேந்தினார்கள். வாரம் முழுவதும் மழை பொழிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, வீடுகள் இடிகின்றன, உடைமைகள் மூழ்குகின்றன என்ற முறையீடு வந்தது. அப்பொழுதும் நபி (ஸல்) அவர்கள் மழையை அடியோடு நிறுத்துமாறு கேட்கவில்லை. எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள்மீது வேண்டாம் என்றும், குன்றுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பெய்யட்டும் என்றும் இறைஞ்சினார்கள்.

அன்பர்களே! ஓர் ஊரை எவ்வாறு அமைக்க வேண்டும் என்ற பாடம் இந்தத் துஆவிலேயே அடங்கியிருக்கின்றது. மழை ரஹ்மத். அதற்கென்று இடங்கள் உண்டு. அவ்விடங்களை நாம் எடுத்துக்கொண்டால், அது நம்முடைய இடத்திற்கு வரும். ரஹ்மத்தை முஸீபத்தாக மாற்றுவது பெரும்பாலும் நம் கைகளே.

நம் மதுரைச் சீமையின் முன்னோர் இதனை உணர்ந்திருந்தார்கள். மேட்டுக் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாயும். அது அடுத்த கண்மாயை நிறைக்கும். எஞ்சியது வைகைக்குச் செல்லும். தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே உள்ளவனுக்கு விடுவதே இதன் நீதி. ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்சாரித் தோழருக்கும் வாய்க்கால் தண்ணீர் பற்றி எழுந்த வழக்கில் நபி (ஸல்) அவர்கள் முதலில் காட்டிய வழியும் இதுவே: உம் தோட்டத்திற்குப் பாய்ச்சிவிட்டு அண்டை நிலத்துக்காரருக்கு விட்டுவிடும் என்றார்கள்.

அச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் நேர்வதென்ன? 2024 அக்டோபர் 25 அன்று மதுரை மாநகரில் ஏறத்தாழ 10 செ.மீ. மழை பெய்தது. அதில் 4.5 செ.மீ. வெறும் 15 நிமிடங்களில் கொட்டியது. செல்லூர்க் கண்மாய்த் தண்ணீரை வைகைக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடிக் கால்வாயால் அதனைத் தாங்க இயலவில்லை. வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது.

இனி இத்தகைய மழை அரிதாக இராது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்று அறிவியலார் கூறுகின்றனர். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கின்றது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம்.

பாலைவன நாட்டினரும் தப்பவில்லை. 2009 நவம்பர் 25 அன்று, ஹாஜிகள் மினாவை நோக்கிப் புறப்பட்ட துல்ஹஜ் 8ஆம் நாளில், ஜித்தாவில் சில மணி நேரம் பெருமழை பெய்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வறண்டு கிடந்த ஓடைப் பள்ளங்களில் குடியிருப்புகளும் சாலைகளும் எழுந்திருந்தமை அப்பேரிழப்பிற்கு ஒரு முக்கியக் காரணம். ஓடை வறண்டிருப்பதால் இறந்துவிட்டது என்று பொருளாகாது. அது தன் வழியை மறப்பதில்லை.

இன்று சீன தேசத்தில் 2015 முதல் 'பஞ்சு நகரம்' என்ற திட்டம் நடைபெறுகின்றது. மழைநீரை உறிஞ்சும் தரை, பூங்கா, குளம் ஆகியவற்றை நகருக்குள்ளேயே அமைக்கின்றார்கள். நமக்கு இது புதிதன்று. நம் கண்மாயும் மண்தரையும் தென்னந்தோப்பும் அதே பணியைத்தான் செய்து வந்தன.

இப்பொழுது நம் தீர்மானத்திற்கு வருவோம். அந்நிலம் வக்ஃபு, நாம் அதன் உரிமையாளர் அல்லர், அமானிதத்தைக் காப்பவர்கள். ஓடையை அடைத்தால் மழைத் தண்ணீர் கிழக்கேயுள்ள தாழ்வான வீடுகளுக்குள் திரும்பும். அங்கு வாழ்வோர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் ஹக்கு மதம் பார்த்து வருவதன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் கதவு திறந்தன. வெள்ளம் வந்தபின் சோறு கொடுப்பது பெரும் நன்மை. நம்மால் வெள்ளம் வராமல் தடுப்பது அதற்கும் முற்பட்ட கடமை.

எனவே பொதுக்குழுவின் முன் நான்கு யோசனைகளை வைக்கின்றோம். ஓடையை மூடாமல், தூர் வாரி, இரு கரையிலும் மரம் வைப்போம். வாகனங்களுக்குத் தெற்கேயுள்ள மேட்டு நிலத்தை ஒதுக்கி, சிமெண்ட் பூசாமல் சரளைக்கல் பரப்புவோம். பள்ளிவாசல் மாடியின் மழைநீரைக் கிணற்றில் இறக்குவோம். 2003 முதல் தமிழக அரசும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியுள்ளது. ஒளுச் செய்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் தென்னைகளுக்குப் பாய்ச்சுவோம்.

தெற்கே நிறுத்தினால் சற்று நடக்க வேண்டியிருக்கும். பள்ளியை நோக்கி எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென்பதை அறிந்த நமக்கு அது பாரமாகாது. நாம் மறைந்த பின்னும் ஓடும் தண்ணீர் நமக்கு ஸதகா ஜாரியாவாக அமையும்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனுள்ள மழையைப் பொழிவாயாக! அதனை அதன் இடத்தில் சேர்க்கும் நல்லறிவை எங்களுக்குத் தருவாயாக! எங்களால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.