அர்த்தம் சொல்ல ஆள் எங்கே?



கோபத்தோடுதான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். நம் சபைப் பிள்ளை ஒருத்தி, பத்தாம் வகுப்பு படிக்கிறவள், போன விடுமுறையில் ஒரு வாலிபர் முகாமுக்குப் போனாள். கடைசி நாள் ராத்திரி எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்து, "அல்லேலூயா சொல்லு, வேகமாச் சொல்லு, இன்னும் வேகமா, யோசிக்காதே, நாக்கை விட்டுடு" என்று விரட்டியிருக்கிறார்கள். நாக்கு குழறின பிள்ளைகளுக்குக் கைதட்டல்; அபிஷேகம் பெற்றாகிவிட்டதாம். குழறாதவர்களை ஒரு மூலைக்கு ஒதுக்கி, "உங்களுக்குள்ளே மறைவான பாவம் இருக்கு, அறிக்கையிடுங்க" என்று தலையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார் ஓர் ஊழியர். வீட்டுக்கு வந்த பிள்ளை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தாயிடம் கேட்டாளாம்: "அம்மா, எனக்கு மட்டும் ஏன் வரல? நான் நரகத்துக்கா போவேன்?"

யார் கொடுத்த அதிகாரம் இது? ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்து, திடப்படுத்தலுக்குக் காத்திருக்கிற பிள்ளையை, நாக்கு சுழலவில்லை என்பதற்காகப் பாவி என்று மூலையில் நிறுத்த இவர்கள் யார்?

அவர்கள் தரப்பு வாதத்தை உங்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சத்தம் போடுகிறோம், ஆகவே ஆவியானவர் வந்துவிட்டார். நீங்கள் சத்தம் போடவில்லை, ஆகவே நீங்கள் செத்த சபை. இதற்குமேல் ஒரு வாதத்தை நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் இருந்தால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், காப்பி வாங்கித் தருகிறேன்.

நான் கேட்பது ஒரே கேள்வி. அர்த்தம் சொல்ல ஆள் எங்கே?

இது நான் கண்டுபிடித்த கேள்வி அல்ல. பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், பதினாலாம் அதிகாரத்தில், தெளிவாக வைத்த சட்டம். அந்நியபாஷையில் பேசினால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அதுவும் ஒருவர் பின் ஒருவராக. ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்ல ஆள் இல்லையா, சபையில் வாயை மூடிக்கொண்டு தனக்குள் ஜெபிக்க வேண்டும். இங்கே என்ன நடக்கிறது? முந்நூறு பேர், ஒரே நேரம், நாலு ஸ்பீக்கர் பாக்ஸ், பின்னால் கீபோர்டு. இரண்டு பேர் எங்கே, முந்நூறு பேர் எங்கே? அர்த்தம் சொல்ல ஆள் எங்கே?

"பவுலே பேசினாரே!" என்பார்கள். பேசினார். பேசிவிட்டு, சபையிலே விளங்காத பதினாயிரம் வார்த்தையைவிட விளங்குகிற ஐந்து வார்த்தை மேல் என்றும் எழுதினார். "தடை பண்ணாதே என்றாரே!" என்பார்கள். அதற்கு அடுத்த வசனத்தைப் படியுங்கள்: எல்லாம் ஒழுங்காக நடக்கட்டும் என்கிறார். பாதி வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிற பழக்கம் இவர்களுக்கு எப்போதும் உண்டு. எல்லாரும் பாஷை பேசுகிறார்களா என்று பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவரே கேட்கிறார். இல்லை என்பதுதான் அந்தக் கேள்விக்குப் பதில். அப்படியானால் அந்தப் பிள்ளையை எந்த வசனத்தின்படி மூலையில் நிறுத்தினீர்கள்?

பெந்தெகொஸ்தே நாளைப் பார்ப்போம். அன்றைக்கு எருசலேமில் பார்த்தரும் மேதரும் எகிப்தியரும் அரபியரும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் தாய்மொழியைக் கேட்டார்கள். விளங்கியது, ஐயா! அதிசயமே அதுதான். விளங்காததை அதிசயம் என்பது இவர்கள் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு எங்கே தொடங்கியது? அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து டொபீகா என்ற ஊரில் சார்லஸ் பார்ஹாம் ஒரு வேதபாடப் பள்ளி வைத்திருந்தார். 1901 ஜனவரி 1 அன்று அவருடைய மாணவி ஆக்னஸ் ஓஸ்மன் பாஷை பேசினார். என்ன பாஷை? சீன மொழி என்றார்கள். அந்த அம்மா சீனத்தில் எழுதியதாகச் சொன்ன கிறுக்கல்கூடப் பத்திரிகையில் அச்சானது. அது எந்தச் சீனனும் படிக்கக்கூடிய எழுத்தல்ல. ஆனாலும் பார்ஹாம் அறிவித்தார்: இனி மிஷனெரிகள் மொழி படிக்க வேண்டியதில்லை, ஆவியானவரே மொழியைக் கொடுத்துவிடுவார்!

1906இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய கூட்டத்தில் தீ பரவியது. இந்தச் சீமோர் கறுப்பர் என்பதற்காக, பார்ஹாம் தம் வகுப்பறைக்கு வெளியே உட்காரவைத்துப் பாடம் கேட்கவிட்டார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆவி வந்ததாம், நிறவெறி போகவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். அசுசா தெருவிலிருந்து ஆல்ஃபிரட் கார் என்ற போதகர் மனைவியோடு நம் நாட்டுக்குக் கப்பல் ஏறினார். தமக்கு வங்காள மொழி வந்துவிட்டது என்று நம்பி வந்தார். 1907இல் கல்கத்தா. வாயைத் திறந்தார். ஒரு வங்காளிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பாவம், அந்த மனிதரை நான் பரிகசிக்க மாட்டேன், நம்பித்தான் வந்தார். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் அப்படி நம்பிப் போனவர்களும் இதே கதியில் நின்றார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் சாமர்த்தியம். மனித பாஷை இல்லை என்று தெரிந்ததும் கடையை மூடவில்லை, போர்டை மாற்றினார்கள்: இது பரலோக பாஷை, தூதர் பாஷை! தூதரை வரவழைத்து விசாரிக்க யாரால் முடியும்? அர்த்தம் சொல்ல ஆள் எங்கே என்று இனி யார் கேட்பார்கள்?

நான் கேட்பேன். ஏனென்றால் நான் சீகன்பால்கு வந்த மண்ணைச் சேர்ந்தவன். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய அந்த ஜெர்மானியருக்கு எந்த அபிஷேகத்திலும் தமிழ் வரவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதினார். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. இடையன்குடித் தேரியில் ஐம்பது வருஷம் கிடந்த கால்டுவெல் ஐயர் 1856இல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதினார். அவர்களுக்கெல்லாம் ஆவியானவர் இல்லையா? அவர்களும் மூலையில் நிற்க வேண்டியவர்களா? சொல்லுங்கள்!

"அமெரிக்காவை ஏன் இழுக்கிறீர், நம் ஜில்லாவிலேயே நடந்ததே" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நடந்தது. டொபீகாவுக்கு நாற்பது வருஷம் முந்தி, 1860இல், ஜான் கிறிஸ்தியான் அருளப்பனுடைய சபைகளில் பாஷை பேசினதாகப் பதிவு இருக்கிறது. மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், வெளிநாட்டு மிஷன் சம்பளத்தை எதிர்பாராமல் ஊழியம் செய்தவர். அவருக்குக் கை கூப்புகிறேன். ஆனால் அந்த எழுப்புதல் திருவிதாங்கூருக்குப் பரவியபோது என்ன ஆயிற்று? ஜஸ்டஸ் ஜோசப் என்ற போதகரின் கூட்டம், ஆறு வருஷத்தில், 1881இல், இயேசு வந்துவிடுவார் என்று நாள் குறித்தது. 1881 வந்தது, போனது. சோதித்துப் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் உணர்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. டொராண்டோவின் மொழியியலாளர் வில்லியம் சமாரின் பல நாடுகளில் இந்தப் பேச்சைக் கேட்டு ஆராய்ந்து 1972இல் புத்தகம் போட்டார். அசைகளெல்லாம் பேசுகிறவருக்கு முன்பே பழக்கமான ஒலிகள். அடுக்கி, திருப்பி, ராகம் போட்டால் மொழி மாதிரிக் கேட்கும். மொழி இல்லை என்றார். அதே வருஷம் ஜான் கில்டால் என்ற உளவியலாளர், அவர் லுத்தரன் சபைக்காரர், நாத்திகர் இல்லை, ஒலிப்பதிவு ஒன்றை அர்த்தம் சொல்லும் வரம் பெற்றவர்களிடம் தனித்தனியாகப் போட்டுக் காட்டியதை எழுதினார். ஒருவர், பிள்ளைகளின் சுகத்துக்காக ஜெபம் என்றார். இன்னொருவர், சபைக்கு நிதி நன்றாகச் சேர்ந்ததற்கு ஸ்தோத்திரம் என்றார். ஒரே பதிவு! ஏன் இப்படி என்று கேட்டால், ஆண்டவர் ஆளுக்கு ஓர் அர்த்தம் கொடுக்கிறார் என்றார்களாம். ஆக, அர்த்தம் சொல்ல ஆள் வந்தபோதும் இந்தக் கதிதான்.

தலைவர் எந்த ஒலியைப் போடுகிறாரோ அதையே கூட்டமும் போடுகிறது என்பதையும் கில்டால் கவனித்தார். அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். நம் பக்கத்து ஊரில் பாஸ்டர் மாறினார். ஆறு மாதத்தில் சபையின் பரலோக பாஷையும் மாறிவிட்டது. தூதருக்குமா டிரான்ஸ்பர்?

ஒரு கூட்டத்தில் நானே முன்வரிசையில் இருந்தேன். ஊழியக்கார அண்ணன் கண்ணை மூடி உச்சத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவிலே நிறுத்தி, "தம்பி, மைக் இரையுது, கொஞ்சம் குறைங்க" என்றார். உடனே விட்ட இடத்திலிருந்து மறுபடி பரலோகம்! இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். காணிக்கை அறிவிப்பு மட்டும் ஒருநாளும் அந்நியபாஷையில் வந்ததில்லை. வங்கிக் கணக்கு எண், ஜிபே நம்பர் எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி, இரண்டு தடவை சொல்வார்கள். அதற்கு மட்டும் அர்த்தம் சொல்ல ஆள் தேவையில்லை.

சிரியுங்கள். ஆனால் எல்லாரும் நடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. விடியற்காலையில் தனியே முழங்காலில் நின்று, துக்கம் தாங்காமல் வார்த்தையில்லாமல் புலம்புகிற விதவைத் தாயை நான் தொட மாட்டேன். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். அவள் யாரையும் மூலையில் நிறுத்தவில்லை. என் வழக்கெல்லாம் அந்த நாக்கை அளவுகோலாக்கிப் பிள்ளைகளின் தலையை அளக்கிறவர்களோடு.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அந்த முகாமை நடத்திய அதே குழு, அடுத்த கோடை முகாமுக்கு நம் ஆலய மண்டபத்தைக் கேட்டு எழுதியிருக்கிறது. வாடகை நல்ல வாடகைதான். கூரை ஒழுகுகிறது, அதுவும் எனக்குத் தெரியும். கூரை ஒழுகட்டும். கமிட்டி அங்கத்தினர்களே, மண்டபத்தைக் கொடுக்காதீர்கள். தகப்பன்மாரே, தாய்மாரே, எந்த முகாமுக்குப் பிள்ளையை அனுப்பினாலும் முதல் நாளே போய், இங்கே யார் அர்த்தம் சொல்கிறவர் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பிள்ளையைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.