ஒன்றரை மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"பத்து நிமிஷம்தான், அதுக்கு மேல போனா மைக்கை ஆஃப் பண்ணிடுவேன்" என்று நம் செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நானும் ஆஃப் பண்ணுவதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் சொல்வது கைபேசியை!

நாங்கள் 1990 முதல் 1993 வரை இங்கே படித்தவர்கள். விடுதிக்கு ஒரே ஒரு டெலிபோன். அதுவும் வார்டன் அறையில், டயலுக்குப் பூட்டுப் போட்டபடி இருக்கும். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பே 1995 ஜூலை 31-ஆம் தேதிதான்; கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, டெல்லியிலிருந்த சுக்ராமுடன் பேசினார். ஆகவே நாங்கள் ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்ததில் பெருமை ஒன்றுமில்லை. கையில் போன் இல்லை, பேசினோம். அவ்வளவுதான்.

இன்று நம் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ரத்தம் வேண்டுமென்றால் அரை மணியில் ஆள் கிடைக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. நம் நண்பர் ஒருவர் மனைவியை இழந்த பிறகு, யார் எதை எழுதினாலும் பதிலுக்குக் கட்டைவிரல் படம் போட்டுவந்தார். (அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.) ஒருநாள் இன்னொரு நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். வீட்டில் அடுப்பு பற்றவைத்து நாலு நாள் ஆகியிருந்தது. "என்னடா, இப்படி இளைச்சிட்டே?" என்று கேட்டதும் மனுஷன் உடைந்து அழுதுவிட்டார். வந்தவர் இரண்டு நாள் கூடவே இருந்து, சமைத்துப் போட்டுவிட்டுத்தான் திரும்பினார். கட்டைவிரல் மறைத்ததை முகம் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-இல் தன் மாணவர்கள் 268 பேரின் வாழ்க்கையைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தது. பின்னர் பாஸ்டன் நகரத்து ஏழைப் பையன்களும் சேர்க்கப்பட்டார்கள். 80 ஆண்டுகளைத் தாண்டி நடந்த அந்த ஆய்வில் தெரிந்தது இது: 80 வயதில் யார் நலமாக இருப்பார் என்பதை, 50 வயதில் அவருடைய கொலஸ்ட்ரால் அளவைவிட, உறவுகளில் அவருக்கிருந்த நிறைவே நன்றாகச் சொல்லியது. ஐம்பதைத் தாண்டிய என் வகுப்பு நண்பர்கள் கவனிக்க!

சரி, என்ன செய்வது? மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம். 2022 ஆகஸ்டில் அங்கே ஊர்கூடி ஒரு முடிவெடுத்தார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் ஒலித்தது. வீடுகளில் டி.வி., செல்போன் எல்லாம் நின்றன. எட்டரைக்கு மறுபடி சைரன். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் படிப்புக்கும் பேச்சுக்கும். முதலில் ஆண்கள் சிரித்தார்களாம். பெண்கள்தான் பிடித்து நிறுத்தினார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் மட்டும் போனை அணைத்தால் அவர் தனியாள். எல்லோரும் சேர்ந்து அணைத்தால் அது திண்ணை ஆகிவிடுகிறது. இது தனி மனித வைராக்கியத்தால் நடக்கிற காரியம் இல்லை. கூடிப் பேசி ஒரு நேரத்தைக் குறிக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் விடுதி மெஸ்ஸில் இரவுச் சாப்பாட்டு நேரத்தை அப்படிக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் உத்தரவு போட வேண்டாம், நீங்களே முடிவெடுங்கள். பக்கத்தில் சாப்பிடாமல் தட்டைத் துழாவிக்கொண்டிருக்கிறவன் அப்போது கண்ணில் படுவான்.

நண்பர்களே, அடுத்த சந்திப்புக்குள் ஆளுக்கு ஒரு நண்பர் வீட்டுக்கு நேரில் போய் வாருங்கள். யார் யாருடைய வீட்டுக்கு என்று இன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நோட்டு செயலாளரிடம் இருக்கிறது.

இப்போது பந்தி போடப் போகிறார்கள். இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் மட்டும் இருக்கட்டும்.