முஸ்தபா கேமும் மண்ணெண்ணெய் கேனும்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில், ‘எங்கள் காலத்து விளையாட்டு’ நிகழ்ச்சியில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது.)

எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் பம்பரம், கோலி, கிட்டிப்புள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கோலி அடிக்கவே வராது. நான் விளையாடியதெல்லாம் வீடியோ கேம் கடையில். அதனால் அதைத்தான் பேச முடியும்.

நான் சொல்வது 1996. திருச்சி உறையூர். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் தெரு முனையில் வாடகை சைக்கிள் கடை, அதற்கு அடுத்த ஷட்டர்தான் வீடியோ கேம் கடை. உள்ளே நான்கு மெஷின், ஒரு ஃபேன். அந்த ஃபேனும் கடைக்கார அண்ணன் பக்கம்தான் திரும்பியிருக்கும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். நடுவில் கரண்ட் போனால் போட்ட காசு போனதுதான். அதற்காக அண்ணனோடு நடந்த சண்டைகள் மெஷினுக்குள் நடந்ததைவிடப் பெரியவை.

ஒரு மெஷினில் ஸ்ட்ரீட் ஃபைட்டர். ஆனால் கூட்டம் நிற்பது முஸ்தபா கேமில். அதன் உண்மையான பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. ஜப்பானின் கேப்காம் கம்பெனி 1993-இல் வெளியிட்டது. இதெல்லாம் எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரியும். அதில் நாம் தேர்ந்தெடுத்து விளையாட நான்கு பேர் உண்டு. அதில் ஒருவன் முஸ்தபா. ஓடி வந்து பறந்து உதைப்பான். ஆகவே எல்லோருக்கும் முஸ்தபாதான் வேண்டும், கேமுக்கே அவன் பெயர் வந்துவிட்டது. அதே வருடம் ‘காதல் தேசம்’ படத்தில் முஸ்தபா பாட்டும் வந்ததா, கேட்கவே வேண்டாம். கடை முழுக்க அந்தப் பாட்டுதான்.

அந்த மெஷினில் மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். நீங்கள் பாட்டுக்குத் தனியாக ஆடிக்கொண்டிருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒரு பையன் வந்து ஒரு ரூபாயைப் போட்டுப் பக்கத்தில் நிற்பான். உங்களைக் கேட்க மாட்டான். அடுத்த பத்து நிமிடம் இரண்டு பேரும் ஒரே கட்சி. “சோறு இருக்கு, நீ எடுத்துக்கோ, உனக்குத்தான் லைஃப் கம்மி” என்பான். செத்துப்போனால் திரையில் எண் ஒவ்வொன்றாக இறங்கும். அது முடிவதற்குள் இன்னொரு காசு போட வேண்டும். கையில் இல்லையென்றால் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர்களில் யாராவது போடுவார்கள். நாளைக்குத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். நான் தராமல் விட்ட கணக்கும் உண்டு.

இப்போது ஒரு விஷயம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்போது கேஸ் கிடையாது, மண்ணெண்ணெய் ஸ்டவ்தான். ஒரு சனிக்கிழமை ரேஷனில் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அம்மா காசும் கேனும் கொடுத்து அனுப்பினார்கள். நீளமான வரிசை. கேனை வரிசையில் வைத்துவிட்டுப் போய் வருவது அன்றைய வழக்கம், உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நானும் வைத்துவிட்டு, “ஒரே ஒரு ஆட்டம்” என்று கடைக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து நன்றாக ஆடினேன். எண்ணெய்க் காசிலிருந்தும் எடுத்துப் போட்டேன். திரும்பி வந்தால் வரிசையே இல்லை. ஸ்டாக் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள். என் கேன் மட்டும் திண்ணையில் தனியாகக் கிடந்தது.

வீட்டில் “எண்ணெய் வரலம்மா, காசும் எங்கேயோ விழுந்துடுச்சு” என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்கக் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லை வைத்து விறகில் சமைத்தார்கள். அப்போதே அவர்களுக்கு வீசிங் உண்டு. இருமிக்கொண்டே ஊதாங்குழலால் ஊதுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். வாய் திறக்கவில்லை.

அம்மா இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா, காசு தொலையவில்லை. மீதியை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம். (சிரிப்பு)

கடைக்கார அண்ணனுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை போனபோது என் காசை வாங்கவில்லை. “ரேஷன் காசுல என் கடையில ஆடாதடா. ஒரு மாசம் இந்தப் பக்கம் வராத” என்றார். அவருக்கு அது வியாபார நஷ்டம்தான். அந்த ஒரு மாதமும் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். நான் கல்லூரி முடித்து வருவதற்குள் அந்தக் கடை பிரவுசிங் சென்டர் ஆகிவிட்டது. அண்ணன் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? போன பொதுக்குழுவில் பி பிளாக் மாடிப்படியில் பிள்ளைகள் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புகார் வந்தது. நானும் போய்ப் பார்த்தேன். ஆறு பிள்ளைகள், ஆறு படி, ஆறு போன். பேச்சே இல்லை. எல்லோரும் யாருடனோ ஆடுகிறார்கள், பக்கத்தில் இருப்பவனோடு இல்லை. ஒரு சின்னப் பையன் மட்டும் தோற்றுப்போய் அழுதுகொண்டிருந்தான். அதை இன்னொருவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படியில் உட்காரத் தடை என்று நோட்டீஸ் ஒட்டினால் மொட்டை மாடிக்குப் போவார்கள்.

கீழே டேபிள் டென்னிஸ் அறை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே உடைந்த நாற்காலிகளும் பழைய பெயின்ட் டப்பாக்களும்தான். அதைக் காலி செய்து தந்தால், என் வீட்டுப் பழைய டிவியையும் இரண்டு பேர் ஆடும் கேம் செட்டையும் கொண்டுவந்து வைக்கிறேன். சனி, ஞாயிறு மாலை ஐந்து முதல் ஏழு வரை கடைக்கார அண்ணன் மாதிரி நானே உட்காருகிறேன். வீட்டுப்பாடம் முடிக்காதவனைத் திருப்பி அனுப்பும் பொறுப்பும் என்னுடையது. கரண்ட் செலவை நம் பொருளாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், கொடுத்துவிடுகிறேன்.

சாவி செக்யூரிட்டியிடம் இல்லை, விசாரித்துவிட்டேன். யார் வீட்டில் இருக்கிறதோ, தயவுசெய்து இன்றைக்குச் சாப்பிட்டுப் போவதற்குள் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.