கருவி யாரிடம் கணக்குக் கேட்கிறது?

(கட்சிக் கல்வி முகாமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அரசின் சேவைகளில் டிஜிட்டல் தொழில்நுட்பம் புகுந்திருப்பது நன்மையா, தீமையா என்னும் வினா கூட்டந்தோறும் எழுகிறது. ஒரே சொல்லில் விடை கூற முற்படுவோர் இரு பக்கத்திலும் வழி தவறுகின்றனர். உழைப்பாளி மக்களின் இயக்கம் எந்தக் கருவியையும் அது கருவி என்பதற்காகவே எதிர்ப்பதில்லை. கேட்க வேண்டிய வினா வேறு. இந்தக் கருவி யாரைக் கண்காணிக்கிறது? யார் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்று அது விதிக்கிறது? இந்தியாவில் நடந்த கள ஆய்வுகள் இவ்வினாவுக்குத் தெளிவான விடையைத் தந்திருக்கின்றன.

முதலில் ஆதார். 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில் உள்ள தெம்ப்லி என்னும் பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அடையாளச் சான்று ஏதுமற்ற ஏழைக்கு ஓர் அடையாளம், விரும்புவோர் பெற்றுக்கொள்ளலாம், இதுவே அன்று கூறப்பட்டது. 2016இல் மாநிலங்களவையின் ஒப்புதல் தேவைப்படாத பண மசோதாவாக ஆதார் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் 7ஆவது பிரிவு, அரசின் உதவியைப் பெற வருவோரிடம் ஆதார் சரிபார்ப்பைக் கோரும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அடையாளம் தருவதாகக் கூறி வந்த எண், உரிமைக்கு முன்னால் நிற்கும் வாயிற்கதவாக மாறியது.

ஜார்க்கண்டில் இது எவ்வாறு நடந்தது? 2016 முதல் அம்மாநில ரேஷன் கடைகளில் விரல் ரேகைக் கருவிகள் வைக்கப்பட்டன. அரிசி கிடைக்க வேண்டுமானால் குடும்பத்தினரின் எண் பட்டியலோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்; கருவி இயங்க வேண்டும்; அலைபேசிச் சமிக்ஞை இருக்க வேண்டும்; தொலைவிலுள்ள சர்வர் பதிலளிக்க வேண்டும்; மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகை பொருந்த வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் வெறும் பையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஜீன் டிரேஸ், ரீத்திகா கேரா ஆகியோரும் அவர்தம் குழுவினரும் 2017இல் அங்கு 32 கிராமங்களில் 900 குடும்பங்களைச் சந்தித்து ஆய்வு செய்தனர். அவர்கள் சுட்டிய ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஒருவர் பெயரில் மற்றொருவர் பொருள் வாங்குவது ஆள்மாறாட்ட மோசடி. உரியவருக்கே உரிய அளவைவிடக் குறைத்துக் கொடுப்பது அளவு மோசடி. ரேஷன் முறையில் பரவலாக நிகழ்வது இரண்டாவது வகையே. விரல் ரேகைக் கருவியோ முதல் வகையை மட்டுமே தடுக்கவல்லது. ரேகை பொருந்திய பின் கடைக்காரர் ஐந்து கிலோவுக்கு நான்கு கிலோ நிறுத்தாலும், கருவி ஐந்து கிலோ என்றே பதிவு செய்யும்.

கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் அதே மாநிலத்தில் நடத்திய பெரிய அளவிலான ஆய்வு 2020இல் வெளிவந்தது. கருவி வந்ததனால் மட்டும் கசிவு குறையவில்லை என்றும், பொருள் வாங்க மக்கள் செலவிடும் நேரமும் பணமும் சராசரியாக 17 விழுக்காடு கூடின என்றும் அவர்கள் கண்டனர். கருவியின் கணக்குப்படி கடையில் மிஞ்சியிருக்க வேண்டிய தானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்பும் முறை பின்னர் வந்தது. அப்போது கசிவு குறைந்தது உண்மையே. ஆனால் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி, உரிமையுள்ள ஏழைகளின் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

2017 செப்டம்பரில் அம்மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். பட்டினியால் இறந்தாள் என்று தாய் கூறினார். மலேரியா என்று அரசு கூறியது. ஆதாருடன் இணைக்கப்படாத காரணத்தால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை பல மாதங்களுக்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. ஆதார் இணைப்பு இல்லை என்பதற்காக எந்தக் குடும்பத்தையும் நீக்கக் கூடாது என்று ஒன்றிய உணவு அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது அக்டோபர் 24 அன்று. அதற்குள் சிறுமி இறந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழிந்திருந்தது.

அடுத்து, ஊரக வேலை உறுதித் திட்டம். பணித்தலத்தில் நாள்தோறும் இருமுறை தொழிலாளரைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றும் முறை, 2023 ஜனவரி 1 முதல் அனைத்துத் தலங்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. சமிக்ஞை கிடைக்காத மலைக் கிராமத்தில் நாள் முழுதும் மண் சுமந்தவரின் வருகை பதிவாகாமல் போயிற்று. இதனை எதிர்த்துத் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் 100 நாள் போராட்டம் நடத்தினர். ஊழலை ஒழிக்க வந்ததாகக் கூறப்பட்ட அச்செயலியில் தொடர்பற்ற படங்களும், படத்தையே மீண்டும் எடுத்த படங்களும் ஏற்றப்படுவதாக 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒப்புக்கொண்டது. அதற்கு அமைச்சகம் கண்ட பரிகாரம், அப்படங்களை அலுவலர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்பது!

இதே திட்டத்தில் 2021-22இல் ஏறத்தாழ 1.49 கோடித் தொழிலாளரின் பெயர்கள் நீக்கப்பட்டன. 2022-23இல் அந்த எண்ணிக்கை 5.18 கோடியாக உயர்ந்தது. இவை நாடாளுமன்றத்தில் அரசு அளித்த எண்கள். போலி அட்டை, இரட்டைப் பதிவு, இறப்பு, வேலை செய்ய விருப்பமின்மை எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன. ஓராண்டில் மூன்று மடங்குக்கு மேல் பெருகும் அளவுக்கு இறப்பும் விருப்பமின்மையும் கூடிவிட்டனவா? ஆதார் இணைப்பு இலக்கை எட்டும் அவசரத்தில் உண்மைத் தொழிலாளரின் பெயர்களும் வெட்டப்பட்டன என்று களத்தில் ஆய்ந்தோர் எடுத்துக்காட்டினர்.

ஹரியானாவில் நடந்த ஒன்று நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். அரசுப் பதிவேட்டில் இறந்தவராகிவிட்ட 102 வயது முதியவர் ஒருவரின் ஓய்வூதியம் நின்றுபோயிற்று. 2022 செப்டம்பரில் அவர் ரோத்தக் நகரில் மணமகனைப் போல் மாலையணிந்து, அலங்கரித்த வண்டியில் ஊர்வலம் வந்து, தாம் உயிரோடிருப்பதை ஊரறியச் செய்தார். அதன் பின்னரே ஓய்வூதியம் மீண்டது. ஊர்வலம் நடத்த இயலாத முதியோர் எத்தனை பேர்?

இந்நிகழ்வுகள் அனைத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. முன்பு ஒருவருக்கு ரேஷன் மறுக்கப்பட்டால் மறுத்தவர் யார் என்று தெரியும், அவரை முற்றுகையிடலாம். இன்று கடைக்காரர் கருவியைக் காட்டுகிறார். வட்டார அலுவலர் சர்வரைக் காட்டுகிறார். மேலிடமோ சேமித்த கோடிகளைக் காட்டுகிறது. அரசு மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நிலை தலைகீழாகி, மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் ஏழையின் விரல் நுனியில் ஏற்றப்பட்டுள்ளது. விரல் ரேகை பொருந்தாமையால் எவருக்கும் உதவி மறுக்கப்படலாகாது என்பதை 2018இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆயினும் நடைமுறையில் மறுப்பவர் யாரும் இல்லை. மறுப்பு மட்டும் இருக்கிறது.

வேறு வழி இல்லையா? உண்டு. ஜார்க்கண்டை ஆராய்ந்த அதே மூன்று பொருளியலாளர்கள், பழைய ஆந்திரப் பிரதேசத்தில் வேலைத் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் விரல் ரேகை அட்டை வழியே வழங்கிய திட்டத்தையும் ஆராய்ந்தனர். அங்கே பணம் விரைவாகக் கிடைத்தது, கசிவும் குறைந்தது. காரணம், பணம் கிராமத்துக்கே வந்தது. அட்டை இல்லாதவருக்குப் பழைய முறையில் கூலி வழங்குவதும் நின்றுவிடவில்லை. சத்தீஸ்கரில் 2004இல் ரேஷன் கடைகள் தனியாரிடமிருந்து பெறப்பட்டு ஊராட்சிகள், கூட்டுறவுகள், மகளிர் குழுக்கள் ஆகியவற்றிடம் ஒப்படைக்கப்பட்டன. பின்னர் கணினி வந்தபோது அது கிடங்கையும் லாரியையும் கண்காணித்தது. லாரி புறப்பட்ட செய்தி ஊர் மக்களின் அலைபேசிக்கு வந்தது. அன்று அங்கு ஆட்சியிலிருந்தது பாரதிய ஜனதா என்பதற்காக இவ்வுண்மையை மறைக்க வேண்டியதில்லை. கண்காணிப்பு மேலிருந்து கீழாகச் செல்லாமல் கீழிருந்து மேலாகச் சென்றால் அதே தொழில்நுட்பம் மக்களுக்குப் பயன்படும் என்பதற்கு அது சான்று.

மக்கள் போராடினால் அரசு பின்வாங்கும் என்பதற்கும் ஜார்க்கண்டே சான்று. ராஞ்சிக்கு அருகிலுள்ள நாக்ரி வட்டாரத்தில் அரிசிக்கு மாறாக வங்கிக் கணக்கில் பணம் போடும் சோதனை 2017 அக்டோபரில் தொடங்கப்பட்டது. வங்கிக்கும் கடைக்கும் அலைந்து சலித்த மக்கள், அடுத்த பிப்ரவரியில் தலைநகர் நோக்கி நடைப்பயணம் சென்றனர். 2018 ஆகஸ்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவற்றிலிருந்து கோரிக்கைகள் தெளிவாக எழுகின்றன. கருவி செயலிழந்தால் அக்கணமே பதிவேட்டில் எழுதிப் பொருள் வழங்க வேண்டும். மறுப்பு எதுவாயினும் காரணத்துடன் எழுத்தில் தரப்பட வேண்டும். நீக்கப்படவுள்ளோர் பட்டியலை கிராம சபையில் வாசிக்காமல் ஒரு பெயரும் நீக்கப்படலாகாது. தவறாக நீக்கப்பட்டவருக்கு இழந்த காலத்துக்கும் சேர்த்து ஈடு வழங்க வேண்டும்.

கோரிக்கைக்கு வலுச் சேர்ப்பது சான்று. கடந்த ஈராண்டுகளில் ரேஷன், ஓய்வூதியம், வேலை ஆகியவற்றின் பட்டியல்களிலிருந்து விடுபட்டோர் யார், என்ன காரணம் கூறப்பட்டது, எத்தனை முறை அலைந்தனர் என்பவற்றை ஒவ்வொரு கிளையும் வீடு வீடாகச் சென்று திரட்ட வேண்டும். ஜார்க்கண்டில் ஒரு சிறிய குழு 900 குடும்பங்களைச் சந்தித்து அரசின் கூற்றை நாடறியக் கேள்விக்கு உள்ளாக்கியது. மக்களோடு நாள்தோறும் பழகும் கட்சிக் கிளைகளுக்கு அப்பணி இயலாததன்று. அடுத்த கிளைக் கூட்டத்திலேயே அது தொடங்கப்பட வேண்டும்.