வலிப்பும் வகுப்பறையும்



பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் நான் ஆசிரியப் பணி ஏற்ற முதல் ஆண்டு. மஞ்சு மூடிய ஒரு காலையில், கணக்குப் பாடத்தின் நடுவே, மாணவன் ஒருவன் சாய்ந்து விழுந்தான். கைகால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளிற்று. நான் செய்தது யாது? அலமாரிச் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தேன். சிறிது நேரத்தில் வலிப்பு நின்றது. இரும்பின் ஆற்றலே அது என்று நானும் நம்பினேன், வகுப்பும் நம்பிற்று.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. நோய் தொற்றிக்கொள்ளும் என்று ஊரார் அஞ்சியதால், பெற்றோர் அவனைப் பூண்டுக் காட்டு வேலைக்கு அனுப்பிவிட்டனர். "இது தொற்றாது" என்று எடுத்துச் சொல்லும் அறிவு அன்று எனக்கு இருக்கவில்லை.

கால் கை வலிப்பு என்பதே காக்காய் வலிப்பு என மருவிற்று என்பர். மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசுகின்றன. அவற்றுள் பல, ஒழுங்கு தவறி ஒரே வேளையில் துடித்தால் வலிப்பு உண்டாகிறது. இது தெய்வக் குற்றமன்று என்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க மருத்துவர் இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல் கூறிற்று. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார் ஜெர்மானிய மருத்துவர் ஆன்ஸ் பெர்கர்.

அப்படியாயின் சாவி எவ்வாறு பலித்தது? பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமே அடங்கிவிடும். சாவிக்குப் பதில் சாக்குக்கட்டியைக் கொடுத்திருந்தாலும் அடங்கியே இருக்கும்!

செய்ய வேண்டியவை எளியவை. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். தலைக்கடியில் மெல்லிய துணி வையுங்கள். எச்சில் வழிந்தோடுமாறு ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். நன்கு தெளியும்வரை தண்ணீர் தராதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஊர்தி வந்து சேர நேரமாகும். ஆதலால் இங்கே தயக்கம் கூடாது.

சில பிள்ளைகள் விழுவதில்லை. சில நொடிகள் வெறித்துப் பார்த்துப் பின் தெளிவர். அவர்களைக் 'கவனமற்றவர்' என்று கடிந்துகொள்கிறோம். அதுவும் வலிப்பாக இருக்கலாம். மருத்துவர் பெரும்பாலும் வலிப்பை நேரில் காண்பதில்லை. கண்டவர் சொல்லே அவருக்குச் சான்று. அச்சான்றைத் தரவல்லவர் ஆசிரியர்.

உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. தக்க மருத்துவம் கிடைத்தால், நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்தை இடையில் தாமே நிறுத்தலாகாது. தனியே ஏரியில் இறங்குவதையும் மரம் ஏறுவதையும் தவிர்த்தால், அப்பிள்ளைகள் மற்றவரோடு கற்கலாம், ஆடலாம்.

இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் தடையாகச் சேர்க்கப்பட்ட இந்நோயை, 1999-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டம் திருந்திற்று; நம் மனமும் திருந்த வேண்டும்.

உங்களுள் சிலர் நாளைய ஆசிரியர்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை விழுந்தால், கை சாவியைத் தேட வேண்டாம். கண் கடிகாரத்தைத் தேடட்டும். மறுநாள் அப்பிள்ளை வராவிட்டால், அதன் வீட்டுக்குச் சென்று அழைத்து வாருங்கள். நான் அன்று செல்லவில்லை.