கூடத்திற்கு வந்த ஆட்டங்கள்

1990-ஆம் ஆண்டுகளில், தில்லி கரோல்பாக்கிலோ, மும்பை மாட்டுங்காவிலோ, கொல்கத்தா லேக் மார்க்கெட்டுப் பக்கத்திலோ குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஒரே விதமாகத்தான் கழிந்தது. சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கண்ணயர்ந்திருப்பர். கூடத்திலே, தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு பொத்தான் கட்டையைப் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் சண்டையிட்டுக்கொண்டிருப்பர். அதற்கு வீடியோ கேம் என்று பெயர். அதில் செருகும் கேட்ரிட்ஜைக் கேசட் என்றே நாம் அழைத்தோம். நம் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது.

அந்த ஆட்டங்களிற் பல, வீட்டிற்கென்று பிறந்தவை அல்ல. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கேளிக்கைக் கூடங்களில் ஆளுயரத்துக்கு நின்ற பெட்டிகளிலே அவை பிறந்தன. நாணயத்தைப் போட்டு, நின்றபடியே ஆட வேண்டும். தோற்றால் மறுபடியும் நாணயம். அந்தப் பெட்டிகளை ஆர்க்கேட் என்பர். வீட்டில் வைத்து ஆடும் கருவியைக் கன்சோல் என்பர். கூடத்துப் பெட்டியிலிருந்து வீட்டுக் கருவிக்கு ஓர் ஆட்டம் குடிபெயரும்போது எதைக் கொண்டுவருகிறது, எதை விட்டுவிட்டு வருகிறது என்பது சுவையான விஷயம். சொந்த ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடித்தனம் நடத்தும் நமக்கு அது புரியாத விஷயமும் அன்று. ஆகவே நமக்குப் பிடித்த வீட்டுப் பதிப்புகள் சிலவற்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

முதலில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’. ஜப்பானின் டைட்டோ நிறுவனத்திற்காக நிஷிகாடோ டோமோஹிரோ என்பவர் 1978-இல் ஆக்கிய ஆட்டம் இது. வரிசைக்குப் பதினொருவராக ஐந்து வரிசையில் 55 அந்நியர்கள் வானத்திலிருந்து மெல்ல இறங்கி வருவர். கீழேயிருந்து நாம் சுட வேண்டும். சுடச் சுட எஞ்சியவர்களின் வேகம் கூடிக்கொண்டே போகும். வரைய வேண்டிய உருவங்கள் குறையக் குறைய இயந்திரத்தின் வேலை குறைந்தது. அதனால் அவர்களுடைய நடை விரைந்தது. இதைக் கண்ட நிஷிகாடோ, பிழையென்று திருத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டார். ஆட்டத்தின் உயிரே அதுதான் என்று அவர் கண்டுகொண்டார்.

இந்த ஆட்டம் 1980-இல் அட்டாரி வீட்டுக் கருவிக்கு வந்தது. முறைப்படி உரிமை பெற்று வீட்டிற்கு வந்த முதல் ஆர்க்கேட் ஆட்டம் இதுவே. 1977-இல் வெளியான அந்தக் கருவியின் வசதியைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அதன் தற்காலிக நினைவகம் 128 பைட்டுகள்தாம்; ஒரு தபால் அட்டையில் நாம் எழுதும் எழுத்துகளுக்குக்கூட அந்த இடம் போதாது. இருவர் ஆட்டக்காரர், அவர்களுக்கு இரண்டு குண்டு, ஒரு பந்து — இவற்றை மட்டுமே திரையில் நகர்த்துவதற்கென்று அது அமைக்கப்பட்டது. அதிலே 55 பேரை எங்ஙனம் நிறுத்துவது?

ரிக் மாரர் என்ற நிரலர் அந்தப் பணியை ஏற்றார். ஓர் உருவத்தை ஒரே வரியில் மும்முறை அடுத்தடுத்துக் காட்டும் வசதி அந்தக் கருவியில் உண்டு. இரண்டு உருவங்களை மும்மூன்றாகக் காட்டினால் வரிசைக்கு ஆறு. ஆறு வரிசைக்கு 36 பேர். 55 பேர் 36 பேராகச் சுருங்கினர். நாம் ஒளிந்துகொள்ளும் அரண்கள் நான்கிலிருந்து மூன்றாயின. ஆயினும் குறையக் குறைய விரையும் அந்த நடையும், அடிவயிற்றைக் கலக்கும் அந்தத் தாளமும் வந்து சேர்ந்தன. போதாக்குறைக்கு, இருவர் சேர்ந்து ஆடுவது, கண்ணுக்குத் தெரியாத பகைவரைச் சுடுவது என 112 வகையான ஆட்டங்களையும் அதே கேசட்டில் அடக்கினார் மாரர். காசு போட்ட பெட்டியிலே இல்லாத செல்வம் இது. இந்த ஓர் ஆட்டத்திற்காகவே அந்தக் கருவியை வாங்கியவர்கள் பலர்.

இதற்கு நேர்மாறான கதையையும் சொல்ல வேண்டும். நாம்கோ நிறுவனத்தின் இவாதானி டோரு 1980-இல் அளித்த ‘பேக்-மேன்’ ஆட்டத்தை அறியாதவர் அரியர். வட்ட வாய் ஒன்று, பாதைச் சிக்கலில் புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓட, நான்கு பூதங்கள் துரத்தும். அந்த நான்கிற்கும் நான்கு குணம். சிவப்புப் பூதம் நேராகத் துரத்தும். இளஞ்சிவப்புப் பூதம் நாம் போகும் இடத்தை முன்கூட்டியே எண்ணி வழிமறிக்கும். ஆரஞ்சுப் பூதமோ அருகில் வந்ததும் விலகி ஓடும். இந்தக் குணவேற்றுமைதான் அந்த ஆட்டத்தை வெறும் ஓட்டமாக இல்லாமல் நாடகமாக்கிற்று.

1982-இல் அதே அட்டாரி கருவிக்கு ‘பேக்-மேன்’ வந்தது. 4 கிலோபைட் அளவே கொண்ட கேசட்டில், டாட் ஃபிரை என்பவர் அதை எழுதினார். நான்கு பூதங்களையும் ஒரே கணத்தில் காட்ட இயலாமல், ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்துக் காட்டியதால், அவை அணையப் போகும் விளக்குப்போல மினுக்கின. பாதைகளின் அமைப்பு மாறியது, புள்ளிகள் கோடுகளாயின, துரத்துபவர்களின் குணமும் மங்கிப்போயிற்று. பெயரை நம்பி 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை வாங்கினார்கள். வாங்கியவரிற் பலர் வருந்தினார்கள். அமெரிக்காவில் 1983-இல் இத்தொழில் சரிந்து விழுந்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாக இன்றளவும் இதைச் சொல்லுகிறார்கள்.

கருவியின் மேல் குற்றமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அடுத்து அதே கருவிக்கு ‘மிஸ் பேக்-மேன்’ வந்தது. கேசட்டின் அளவை 8 கிலோபைட்டாக்கினார்கள்; பூதங்கள் தத்தம் நிறத்தோடு வந்தன; பாதைகள் மூலத்தின் சாயலை ஒத்திருந்தன. இடம் சிறிதே கூடியது. ஆனால் அந்தச் சிறு இடத்தில் எதை வைக்க வேண்டும் என்ற விவேகம் பெரிதும் கூடியது. வீட்டுப் பதிப்புகளில் நமக்குப் பிடித்தவற்றுள் இதற்கு என்றும் ஓரிடம் உண்டு.

மூன்றாவதாக ‘டாங்கி காங்’. நின்டெண்டோ நிறுவனத்தில் மியாமோட்டோ ஷிகெரு 1981-இல் படைத்தது. உத்தரங்களில் ஏறிக் குரங்கிடமிருந்து பெண்ணை மீட்கும் கதை. கூடத்துப் பெட்டியின் திரை நெட்டுவாக்கில் நிற்கும். நம் வீட்டுத் தொலைக்காட்சியோ குறுக்கே அகன்று கிடக்கும். நான்கு மாடி வீட்டை ஓட்டுத் திண்ணைக்குள் அடைப்பது போன்ற வேலை இது. மூலத்திலே நான்கு கட்டங்கள். 1982-இல் கொலிகோவிஷன் கருவியோடு சேர்த்து விற்ற பதிப்பில் மூன்று கட்டங்களே வந்தன. 1983 ஜூலை 15-ஆம் நாள் நின்டெண்டோ தன் சொந்தக் கருவியான ஃபாமிகாமை ஜப்பானில் வெளியிட்டபோதும், அதனுடன் வந்த ‘டாங்கி காங்’ ஆட்டத்தில் மூன்று கட்டங்களே இருந்தன. சுழலும் நாடாக்களில் தட்டுகள் நகர்ந்து வரும் இரண்டாம் கட்டத்தைப் படைத்தவர்களே விட்டுவிட்டார்கள். ஆயினும் அந்த வீரன் தாவுகிற தாவல், பீப்பாய் உருளுகிற நேரக் கணக்கு, ஏணியில் தயங்கும் அந்த அரைக்கணம் — இவை பழுதின்றி வந்தன. ஓர் அறையை விட்டு வந்தாலும் வீட்டின் மணம் மாறவில்லை என்போமே, அதுபோல.

இனி நம் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நம் நாட்டில் அக்காலத்தில் பரவிய கருவிகளிற் பெரும்பாலானவை இந்த ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த நகல்களே. அவற்றின் வழியாகவே ‘கான்ட்ரா’ நம் வீடுகளுக்குள் புகுந்தது. கொனாமி நிறுவனத்தார் 1987-இல் காசுப் பெட்டிக்கும் 1988-இல் வீட்டுக் கருவிக்கும் அதை அளித்தார்கள். மூலத்தின் படங்கள் இதைவிட நேர்த்தியானவை. இருந்தும், வீட்டுப் பதிப்பை மூலத்தினும் மேலாகக் கருதுவோர் உலகெங்கும் பலர். நெட்டுத் திரையை விட்டு அகன்ற திரைக்கு வந்ததும், ஓடுவதற்கும் குனிவதற்கும் இடம் கிடைத்தது. அனைத்தினும் முக்கியமாக, இருவர் ஒரே சமயத்தில் தோளோடு தோள் நின்று ஆடும் வசதியை அவர்கள் விடவில்லை. அருவிக் கட்டத்திலே ஒருவன் அவசரப்பட்டு மேலே தாவினால் கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய் இறந்துவிடுவான். அதனால் எத்தனை வீடுகளில் அண்ணன் தம்பிச் சண்டை! ஆயினும் மறுகணமே, முப்பது உயிர் தரும் அந்த இரகசியப் பொத்தான் வரிசையை இருவரும் சேர்ந்தே அழுத்துவார்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறோம் என்றால், அதே 1988-இல் வந்த ‘டபுள் டிராகன்’ வீட்டுப் பதிப்பில் நேர்ந்ததை எண்ணித்தான். பில்லி, ஜிம்மி என்னும் சகோதரர் இருவர் சேர்ந்து தீயவரை எதிர்ப்பதே 1987-இல் வந்த மூலத்தின் கதை. வீட்டுப் பதிப்பிலோ கதையைச் சேர்ந்து ஆட இயலாது. ஒருவர் ஆடி முடித்தபின்னரே மற்றவர் முறை. தனியே போராடிக் கடைசிவரை சென்றால், அங்கே இறுதிப் பகைவனாக நிற்பவன் உடன்பிறந்த ஜிம்மியே! ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள், உறவைத் தொலைத்துவிட்டார்கள். படம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவனுக்கு வேலை இல்லையென்றால் எப்படிப் பொறுப்பது?

கைக்குரிய நியாயத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காப்காம் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ 1991-இல் கூடங்களுக்கு வந்தது. மூன்று குத்து, மூன்று உதை என ஆறு பொத்தான்கள். நாம் தேர்ந்துகொள்ளக்கூடிய வீரர் எண்மருள் தால்சிம் என்ற இந்திய யோகியும் ஒருவர். 1992-இல் அது சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கு வந்தபோது, அக்கருவியின் கட்டையிலே ஏற்கெனவே ஆறு பொத்தான்கள் இருந்தன. ஆகவே கூடத்தில் பழகிய விரல் வீட்டிலும் தடுமாறவில்லை. எதிராளியான மெகா டிரைவ் கருவிக்கோ பொத்தான்கள் போதாமல், 1993-இல் ஆறு பொத்தான் கொண்ட புதுக் கட்டையையே செய்ய வேண்டியதாயிற்று. கண் ஏமாறலாம், கை ஏமாறாது.

முழுவதையும் ஒன்றுவிடாமல் கொண்டுவந்தவர்களும் உண்டு. 1990-இல் வெளியான நியோ ஜியோ கருவி, கூடத்துப் பெட்டியின் இயந்திரத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 650 டாலர். எள்ளளவும் குறையவில்லை, ஆனால் வாங்கியவர் சிலரே. 1999-இல் டிரீம்காஸ்ட் கருவிக்கு வந்த ‘சோல்காலிபர்’ அந்தக் கணக்கையே புரட்டிப் போட்டது. முந்தைய ஆண்டு கூடத்தில் நின்ற மூலத்தைக் காட்டிலும் வீட்டுப் பதிப்பு அழகாக இருந்தது. ஆடுவதற்கும் கூடுதலாக இருந்தது. இன்றோ, பழைய பெட்டியின் நிரலை அப்படியே கைத்தொலைபேசியில்கூட ஓட்டலாம். 55 பேரும் வருவார்கள். நான்கு கட்டமும் வரும்.

ஆனாலும், அன்பர்களே, நாம் திரும்பத் திரும்ப அந்தக் குறைப்பட்ட பதிப்புகளையே நாடுகிறோம். ஏன்? எல்லாவற்றையும் கொண்டுவர முடிந்தால் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. 128 பைட்டுக்குள் வேலை செய்தவனோ, ‘இந்த ஆட்டத்தில் எது போனால் இது இதுவாக இராது?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. சரியான விடை கண்டவன் படைப்பு வாழ்ந்தது. பெயரை மட்டும் கொண்டுவந்தவன் படைப்பு மினுக்கி மறைந்தது.

நாமும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டவர்களே. ஆட்டுக்கல்லை ரயிலில் ஏற்ற முடியாது. அரைக்கும் பக்குவத்தை ஏற்றி வந்தோம். தில்லிக் குளிரில் மாவு பொங்காதென்று கண்டு, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்தோம். ஊரில் பதினைந்து பேர் கூடிச் செய்ததை இங்கே நான்கு பேராகச் செய்கிறோம். ஊருக்குப் போகும்போது, ‘இது அது போல் இல்லையே’ என்று உறவினர் சொல்லும் சொல் நம்மைத் தைக்கத்தான் செய்கிறது.

அப்போது ஒன்றை நினைவிற்கொள்ளலாம். ‘கான்ட்ரா’வின் மூலப் பெட்டியைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நாம் கண்டோம். அதுதான் நமக்கு அந்நியமாகத் தோன்றியது. கூடத்தில் பாயில் உட்கார்ந்து ஆடியதே நமக்கு மூலமாக இருந்தது. இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கும் அப்படியே. நாம் குறைத்துக் கொண்டுவந்ததுதான் அவர்களுக்கு முழுமை. ஆகையால், எத்தனை வந்தது என்று எண்ணிக் கவலையுற வேண்டுவதில்லை. இருவர் சேர்ந்து ஆடும் இடம் வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம். இரண்டாவது கட்டையை யார் கையிலாவது கொடுத்துவிட்டால், மற்றவை தாமே வந்து சேரும்.