கலைந்த நிரலில் ஒளி



சுவர் ஒளியைத் தடுக்கும். கரி அதனை விழுங்கும். ஆனால் ஒளியைத் தடுக்காத, விழுங்காத தெளிந்த பளிங்கினுள்ளும் ஒளி பரவமாட்டாது அடங்கிவிடும் என்றால் நம்புதற்கரிதாகவே தோன்றும். ஆயினும் அஃது உண்மை.

இதற்கு வித்திட்டவர், 1958-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்த பிலிப்பு ஆண்டர்சன். அவர் ஆராய்ந்தது ஒளியையன்று. படிகத்துள் ஓடும் மின்துகளை. துகளும் அலையியல்புடையது. படிகநிரல் ஒழுங்காயிருப்பின் அலை எங்கும் பரவும். நிரல் போதிய அளவு கலைந்திருப்பின், பல வழிகளிற் சிதறிய அலைகள் தொலைவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தொடங்கிய இடத்தருகே மட்டும் வலுவுற்று நிற்கும். அலையைத் தளைத்தது அலையே! தொடக்கத்தில் இதனை நம்பியோர் மிகச் சிலர். 1977-இல் வேறிருவருடன் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மின்துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவன. ஆதலின் அவற்றிடம் இவ்விளைவைத் தனித்துக் காண்டல் கடினம். ஒளிக்கு அத்தொல்லை இல்லை. 2007-இல் இசுரேலின் தெக்னியன் கழகத்தில் செகெவ் குழுவினர், சிறு படிகமொன்றினுள் சீரொளிக் கற்றைகளைக் கொண்டே நுண்ணிய ஒளிவாய்க்கால்களை நிரல்பட வகுத்தனர். பின் அந்நிரலை வேண்டுமென்றே சிறிது சிறிதாகக் கலைத்தனர். கலைக்கக் கலைக்க, அகன்று பரவிய ஒளி ஒடுங்கிக் குறுகியது. ஒரு கலைவை மட்டும் நம்பாது, நூறு கலைவுகளைக் கண்டு நிரவி முடிவுகண்டது போற்றத்தக்கது. ஒளி முன்னோக்கிச் செல்வது நிற்கவில்லை. பக்கவாட்டுப் பரவலே நின்றது என்பதை மறத்தலாகாது.

இனி, ஒளி வலிதாயின் என்னாகும்? வலிய ஒளி தான் செல்லும் பொருளின் ஒளிவிலகல் எண்ணையே மாற்றும்; தனக்குத் தானே வாய்க்கால் வெட்டிக்கொள்ளும். ஒழுங்கான நிரலிலும் அவ்வாறு ஒடுங்குவதை 1998-இல் ஆய்வாளர் கண்டனர். 2007-ஆம் ஆண்டு ஆய்விலும், வலிமை கூடிய ஒளி இன்னும் நெருக்கமாகவே ஒடுங்கிற்று. எனின், கலைவும் வலிமையும் துணைவர் என்று கொள்ளலாமா?

இங்குதான் சிக்கல். 2008-இல் பிக்கோவ்சுகி, செப்பெலியான்சுகி ஆகிய இருவர் கணிப்பொறியில் நெடுங்காலம் தொடர்ந்து கணித்தனர். வலிமையானது, தனித்தனியே அடங்கியிருந்த அலைவுகளை ஒன்றோடொன்று பிணைத்து, ஒன்றின் ஆற்றலை மற்றொன்றிற்குக் கசியச் செய்கிறது. அடங்கிய அலை மிக மெல்ல மீண்டும் பரவத் தொடங்குகிறது. படிகத்தில் நீளமே காலத்திற்கு ஈடு. விரலளவுப் படிகத்தைக் கடக்கும் ஒளியில் அத்துணை மெல்லிய பரவலைக் காண இயலாது. அப்பரவல் முடிவின்றித் தொடருமா, என்றேனும் நிற்குமா என்பதில் அறிஞரிடையே இன்றும் வழக்குத் தீரவில்லை.